மின்னும் எல்இடியும் மின் இரைச்சலும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று எல்இடியை விட்டுவிட்டு ஒளிரச் செய்யும் சுற்று, மின்னணுவியலில் மாணவர்கள் முதலில் கட்டிப் பார்க்கும் சுற்றுகளுள் ஒன்று. மேசை மேல் அது பிழையின்றி ஓடும். அதையே நூற்பாலைக்குள்ளோ, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ, திருவிழாப் பந்தலிலோ மாட்டியதும் தாறுமாறாக மின்னத் தொடங்குகிறது. சில நேரம் அப்படியே உறைந்து நிற்கிறது. பழி முதலில் புரோகிராம் மீது விழும். புரோகிராமை எத்தனை முறை திருத்தினாலும் கோளாறு தீராதபோதுதான் மின் இரைச்சல் என்ற பேச்சு வரும்.

இந்தச் சிக்கலின் எல்லா முகங்களையும் திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் பார்க்கலாம். வேடசந்தூர், வடமதுரை வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைந்துள்ளன. ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பக்கத்துக் காய்கறி, பூத் தோட்டங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை நம்பியிருக்கின்றன. கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா போன்ற விழாக்களில் எல்இடி அலங்காரம் இடம்பிடித்துவிட்டது. நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் மஞ்சள் சோலார் விளக்குகள் மின்னுகின்றன. நான்கு இடத்திலும் மின்னுவது ஒரே வகைச் சுற்றுதான். அதைக் கெடுக்கும் இரைச்சல் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

இரைச்சலால் வரும் எந்தக் குறுக்கீட்டிலும் மூன்று உறுப்புகள் உண்டு: இரைச்சலை எழுப்பும் மூலம், அது கடந்து வரும் வழி, அதனால் கெடும் சுற்று. மூன்றில் ஒன்றை நீக்கினால் போதும், கோளாறு நின்றுவிடும். பக்கத்து ஆலையின் மோட்டாரையோ ஊர் மின்கம்பியையோ மாற்றுவது பெரும்பாலும் இயலாத காரியம். ஆகவே பழுது பார்ப்பவரின் வேலை, வழியைக் கண்டுபிடித்து அடைப்பதிலேயே இருக்கிறது. அந்த வழிகள் நான்கு: பவர் கம்பி வழியே கடத்தப்படுவது, இரு சுற்றுகள் ஒரே கிரவுண்ட் கம்பியைப் பங்கிடுவதால் வருவது, அருகருகே ஓடும் கம்பிகளுக்கு இடையே மின்புலமோ காந்தப்புலமோ தாவுவது, வானொலி அலையாகப் பரவுவது.

அறிகுறிகள்

கோளாறின் தோற்றமே பாதி விடையைச் சொல்லிவிடும். மின்னும் வரிசை திடீரென முதலிலிருந்து தொடங்கினால் சிப் ரீசெட் ஆகிறது. பவர் தாழ்ந்திருக்கலாம், அல்லது ரீசெட் முனையில் துடிப்பு ஏறியிருக்கலாம். யாரும் தொடாத ஸ்விட்சுக்குச் சுற்று பதில் சொன்னால், உள்ளீட்டு முனையில் இரைச்சல் ஏறுகிறது. விளக்கு உறைந்து நின்றால் நிரல் வழி தவறியிருக்கிறது. நிறமோ வரிசையோ மட்டும் குழம்பினால் டேட்டா கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். ஒளி மட்டும் ஏறி இறங்கினால் கோளாறு எல்இடிக்குப் போகும் பவரில் இருக்கிறது. சிப் நலமாகவே இருக்கும்.

ரீசெட் ஆனது ஏன் என்பதைப் பல சிப்புகள் தாமே பதிந்துவைக்கின்றன. ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் இதற்கெனவே ஒரு பதிவகம் உண்டு. பவர் புதிதாக வந்ததா, ரீசெட் முனை தாழ்ந்ததா, மின்னழுத்தம் குறைந்ததா, உறைந்த நிரலை மீட்கும் வாட்ச்டாக் தட்டியெழுப்பியதா என்ற நான்கையும் அது பிரித்துக் காட்டும். புரோகிராம் தொடங்கும் இடத்தில் அதைப் படித்து, காரணத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் எல்இடியை மின்ன வைத்தால், அலைநோக்கி இல்லாத பட்டறையிலும் நோய் எது என்று தெரிந்துவிடும். புரோகிராமுக்கு முன்பே ஓடும் சில பூட்லோடர்கள் அந்தப் பதிவை அழித்துவிடும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சுற்றே எழுப்பும் இரைச்சல்

வெளியே தேடும் முன் சுற்றுக்குள் தேட வேண்டும். மின்னும் எல்இடியே ஓர் இரைச்சல் மூலம். நூற்பாலையில் கதிரின் ஓட்டத்தைப் பார்க்கப் பயன்படும் எல்இடி ஸ்ட்ரோபோஸ்கோப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுழலும் பொருளை ஒளித்துடிப்பால் நின்றதுபோலக் காட்டும் முறையை, 1931இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் வாயு விளக்கைக் கொண்டு மின்மோட்டார்களை ஆராயப் பயன்படுத்தினார். இன்று அந்த வேலையை எல்இடி செய்கிறது.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தின் கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். அது நொடிக்கு 300 சுற்று. ஒரு சுற்றுக்கு 3.33 மில்லி நொடி. படம் 3 பாகைக்கு மேல் கலங்காமல் தெரிய வேண்டுமானால், ஒளித்துடிப்பு சுமார் 28 மைக்ரோ நொடிக்குள் முடிய வேண்டும். அவ்வளவு குறுகிய துடிப்பில் போதிய வெளிச்சம் கிடைக்க 3 ஆம்பியர் பாய்ச்சுவதாக வைத்தால், சராசரி மின்னோட்டம் 25 மில்லி ஆம்பியர்தான். மல்டிமீட்டர் காட்டுவது இந்த 25ஐ. சிப்பை உலுக்குவதோ அந்த 3 ஆம்பியர். இந்த வேறுபாட்டைப் பாராமல் மெல்லிய கம்பியும் சின்ன மின்தேக்கியும் போட்டுவிடுவதே பல சுற்றுகள் தம் இரைச்சலாலேயே ரீசெட் ஆகக் காரணம்.

கம்பியின் பங்கும் பெரிது. நேராக ஓடும் ஒவ்வொரு மில்லிமீட்டர் கம்பிக்கும் ஏறத்தாழ 1 நானோ ஹென்றி மின்தூண்டல் உண்டு. 10 செ.மீ. கம்பியில் 100 நானோ ஹென்றி. அதில் 3 ஆம்பியர் 100 நானோ நொடியில் ஏறினால், கம்பியின் இரு முனைகளுக்கு இடையே 3 வோல்ட் தோன்றும். அந்தக் கம்பியே சிப்பின் கிரவுண்டாகவும் இருந்தால், 5 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு அந்தக் கணத்தில் எது ஒன்று, எது பூச்சியம் என்று விளங்காமல் போகும்.

தீர்வுகள் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. 3 ஆம்பியர் 28 மைக்ரோ நொடி பாய்ந்தால் செலவாகும் மின்னேற்றம் 84 மைக்ரோ கூலும். மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாதென்றால் 840 மைக்ரோ ஃபாரட் தேவை. கடையில் கிடைக்கும் 1,000 மைக்ரோ ஃபாரட் பொருந்தும். அது உள்தடை குறைந்த வகையாக இருக்க வேண்டும். உள்தடை 0.1 ஓம் இருந்தாலே மேலும் 0.3 வோல்ட் இறங்கிவிடும். மின்தேக்கியை எல்இடியை ஒட்டி வைத்து, துடிப்பு ஓடும் வளையத்தைச் சிறிதாக்க வேண்டும். சிப்பின் பவர் முனைகளை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கி இருக்க வேண்டும். எல்இடியின் கிரவுண்டும் சிப்பின் கிரவுண்டும் தனித்தனியே வந்து பவர் மூலத்தின் ஒரே புள்ளியில் சேர வேண்டும். எல்இடியை இயக்கும் மாஸ்ஃபெட்டின் கேட்டில் சில பத்து ஓம் மின்தடை போட்டால் மின்னோட்டம் ஏறும் வேகம் தணியும்; கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டால் சிப் விழித்தெழும் நேரத்தில் எல்இடி தானாக மின்னாது.

நூற்பாலைக்குள்

நவீன நூற்பாலையில் மோட்டார்களை வேகம் மாற்றும் டிரைவ்கள் ஓட்டுகின்றன. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை இவை சுமார் 587 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் மைக்ரோ நொடிக்குள் சில நூறு வோல்ட் தாவுகிறது. மோட்டார் கேபிளுடன் சென்சார் கம்பி ஒரே டிரேயில் ஓடினால், இடையிலுள்ள காற்றும் காப்புறையும் மின்தேக்கியாகி அந்தத் தாவலைச் சென்சார் கம்பிக்குக் கடத்திவிடும்.

இதன் அளவை எளிதாகக் கணிக்கலாம். இரு கம்பிகளுக்கு இடையே 10 பிக்கோ ஃபாரட் இருப்பதாகக் கொண்டால், 500 வோல்ட் தாவலில் 5 நானோ கூலும் மின்னேற்றம் வந்து சேரும். சிப் முனையிலும் கம்பியிலும் இயல்பாக உள்ள சில பத்து பிக்கோ ஃபாரட்டுக்கு இந்த மின்னேற்றம் மிக அதிகம். முனையின் மின்னழுத்தம் எல்லைவரை எகிறும். உள்ளிருக்கும் காப்பு டையோடுகள்தான் அதைத் தடுக்கும். சிப்போ அதை ஒரு துடிப்பாக எண்ணிக்கொள்ளும். அதே முனையில் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி இருந்தால் உயர்வு 0.05 வோல்ட் மட்டுமே. இதற்கு ஒரு விலை உண்டு. 1 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட்டும் சேர்ந்தால் 100 மைக்ரோ நொடித் தாமதம் வரும். கதவு ஸ்விட்சுக்கு அது பொருட்டே இல்லை. 18,000 சுற்றில் ஓடும் கதிரிலிருந்து துடிப்பு வாங்கும் ஸ்ட்ரோபோஸ்கோப்பில் அதே தாமதம் படத்தைச் சுமார் 11 பாகை தள்ளிக் காட்டும். வடிகட்டியின் அளவைச் சமிக்ஞையின் வேகம் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிப்பின் உள்ளே இருக்கும் புல்-அப் மின்தடையை மட்டும் நம்புவதும் ஆலைக்குப் பொருந்தாது. ஏடிமெகா328பியில் அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை. நீண்ட கம்பிக்கு மிகத் தளர்வு. வெளியே 1 முதல் 4.7 கிலோ ஓம் போட்டால் கம்பி உறுதியாக நிற்கும். இன்னும் நம்பகமானது, சென்சாரை 24 வோல்ட்டில் ஓட்டி, பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் வழியே சிப்புக்குக் கொடுப்பது. வேகமான சமிக்ஞைக்கு 6என்137 வகை பொருந்தும்.

மோட்டார் கேபிளையும் சமிக்ஞைக் கம்பியையும் ஓர் அடியாவது விலக்கி ஓட்டுவதும், கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடப்பதும் செலவே இல்லாத பாதுகாப்பு. டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே ஓடும் கவசக் கேபிளின் கவசத்தை இரு முனையிலும் முழுச்சுற்றாக எர்த்துடன் பிணைக்க வேண்டும். கவசத்தைப் பின்னலாக முறுக்கி நீண்ட வால்போல இணைத்தால் உயர் அதிர்வெண்ணில் கவசத்தின் பயன் பெரிதும் குறையும்.

ஆலையில் இன்னொரு மூலம் நிலைமின்சாரம். பாலியெஸ்டர் இழை உராயும்போது மின்னேற்றம் சேரும். காற்று வறண்டிருந்தால் அது வடியாமல் தங்கி, கைபட்டதும் பாயும். ஆலைகள் காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கு நூல் அறுபடாமல் காப்பதோடு இதுவும் ஒரு காரணம். உலோகப் பெட்டியை எர்த்துடன் பிணைப்பதும், வெளியே தெரியும் ஸ்விட்ச் முனைகளில் மின்தடையும் காப்பு டையோடும் போடுவதும் சுற்றைக் காக்கும்.

தோட்டத்து மோட்டார் அறையில்

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் விலகும்போது, அதன் சுருளில் தங்கிய காந்த ஆற்றல் பல நூறு வோல்ட் துடிப்பாக வெளிப்படுகிறது. தொடுமுனைகளுக்கு இடையே பொறி பறந்து, அணைந்து, மீண்டும் பறந்து, நானோ நொடி வேகத் துடிப்புகள் கூட்டமாகக் கிளம்பும். மோட்டார் ஓடுவதை எல்இடி மின்னிக் காட்டும் அறிவிப்புச் சுற்று அதே பெட்டிக்குள் இருந்தால், மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் அது தடுமாறும். இத்தகைய துடிப்புக் கூட்டத்தைச் செயற்கையாக உண்டாக்கிக் கருவிகளைச் சோதிக்கும் முறையையே ஐஇசி 61000-4-4 தரநிலை வகுத்துள்ளது. அதன் துடிப்பு 5 நானோ நொடியில் ஏறி, 50 நானோ நொடியில் பாதியாகும்.

இங்கே மருந்து மூலத்திலேயே இருக்கிறது. மாறுமின்சாரச் சுருளுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகை மின்தேக்கியும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் போட வேண்டும். நேர்மின்சார ரிலே சுருளுக்கு 1என்4007 டையோடு போதும். மாறுமின்சாரச் சுருளுக்குக் குறுக்கே டையோடு போட்டால் அது எரிந்துவிடும். இந்தத் தவறு பட்டறைகளில் நேர்வதுண்டு.

நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது இயல்பைப் போல் ஆறு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். தொலைவிலுள்ள தோட்டத்து லைனில் மின்னழுத்தம் அப்போது கணிசமாகத் தாழும். மின்னழுத்தம் தாழ்ந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் காவல் அணைந்திருந்தால், அரைகுறை மின்னழுத்தத்தில் சிப் தவறான கட்டளைகளை ஓட்டும். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பிக்கு 4.3 வோல்ட் எல்லையை அமைத்தால், அது தடுமாறாமல் நின்று, பவர் திரும்பியதும் ஒழுங்காகத் தொடங்கும்.

எர்த் இப்பகுதியில் தனிக் கவனம் கோருகிறது. பாறையும் வறண்ட செம்மண்ணும் உள்ள நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்து, அதன் தடை உயர்ந்துவிடும். கரியும் உப்பும் இட்டு நீர் ஊற்றிப் பராமரிக்காத குழி, பெயரளவுக்கு மட்டுமே எர்த். மின்னல் காலத்தில் எழும் அலையை இறக்கிவிட நல்ல எர்த் இல்லையென்றால், அந்த அலையைத் தணிக்க மின்வரவில் போட்ட வேரிஸ்டரும் பயன் தராது.

திருவிழா அலங்காரத்தில்

பந்தல்களிலும் கோபுரங்களிலும் ஒளிரும் பிக்சல் எல்இடி மாலைகளில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு சிப் உண்டு. பரவலாகப் பயன்படும் டபிள்யூஎஸ்2812பி, ஒரே டேட்டா கம்பியில் நொடிக்கு 8 லட்சம் பிட் வேகத்தில் கட்டளை வாங்குகிறது. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி. 5 வோல்ட்டில் ஓடும்போது அது 3.5 வோல்ட்டுக்கு மேற்பட்டதையே ஒன்றாக ஏற்கும். இஎஸ்பி32 போன்ற சிப் தருவது 3.3 வோல்ட். மேசை மேல் இந்த இணைப்பு ஓடினாலும், பந்தலில் கம்பி நீண்டதும் நிறங்கள் சிதறும். இடையில் 74ஏஹெச்சிடி125 போன்ற மட்டம் உயர்த்தும் சிப்பும், டேட்டா கம்பியின் தொடக்கத்தில் 330 முதல் 470 ஓம் வரை மின்தடையும் போட்டால் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

அடுத்தது பவர். முழு வெள்ளை ஒளியில் ஒரு புள்ளி ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 100 புள்ளிக்கு 6 ஆம்பியர். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 5 மீட்டர் தொலைவுக்குப் போய்வரும் 10 மீட்டருக்கு 0.18 ஓம், இழப்பு 1 வோல்ட்டுக்கு மேல். கடைசிப் புள்ளிகள் சிவந்து மங்குவது இதனால்தான். மாலையின் இரு முனையிலும், தேவைப்பட்டால் நடுவிலும் பவர் கொடுப்பதே வழி.

மூன்றாவது, உயிருக்கும் ஆபத்தானது. எர்த் முனை இணைக்காத எஸ்எம்பிஎஸ் பவர் பெட்டியின் வெளியீடு, உள்ளிருக்கும் இரைச்சல் வடிகட்டும் மின்தேக்கிகளால், தரையைப் பொறுத்து ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். தொட்டால் சுர்ரென்று இழுப்பது இதுவே. இப்படி மிதக்கும் இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இடையே கிரவுண்டுக்கு முன்னால் டேட்டா கம்பியை இணைத்தால், வேறுபாடு முழுவதும் டேட்டா முனை வழியே பாய்ந்து முதல் புள்ளியைக் கொல்லும். ஜெனரேட்டரில் ஓடும் பந்தலிலும் மூன்று பின் பிளக்கும் எர்த் கம்பியும், முதலில் கிரவுண்ட், பிறகு பவர், கடைசியில் டேட்டா என்ற இணைப்பு வரிசையும் கட்டாயம்.

சாலையோர சோலார் விளக்கில்

நெடுஞ்சாலையில் மின்னும் மஞ்சள் விளக்குக்கு மின்வாரிய லைன் இல்லை. ஆகவே லைன் வழி இரைச்சலும் இல்லை. அங்கே சார்ஜ் கன்ட்ரோலரின் ஸ்விட்சிங் துடிப்பும், தம்பத்தில் ஏறும் நீண்ட கம்பியில் மின்னல் தூண்டும் அலையும்தான் மூலங்கள். வெயிலில் காயும் பெட்டியின் சூடு மூன்றாவது எதிரி. எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ பாதியாகிறது. தொடக்கத்தில் நன்றாக ஓடி, ஓரிரு கோடை கழித்துத் தடுமாறும் விளக்கில் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது மின்தேக்கியைத்தான்.

தேடும் வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே பழுது தேடலின் முதல் விதி. முதலில் சுற்றை பேட்டரியில் ஓட்ட வேண்டும். கோளாறு மறைந்தால் இரைச்சல் பவர் லைன் வழியே வருகிறது. மறையாவிட்டால் வெளிக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அதுவே வழி. எல்லாக் கம்பியும் கழன்ற பின்னும் தொடர்ந்தால், எல்இடிக்குப் பதிலாகச் சிறு மின்னோட்டம் இழுக்கும் இன்னொரு எல்இடியை மாட்டிப் பார்க்க வேண்டும். அப்போது நின்றால் சுற்று தன்னையே கெடுத்துக்கொள்கிறது. குறை கிரவுண்ட் அமைப்பிலோ மின்தேக்கியிலோ இருக்கிறது.

மூலத்தைத் தேட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மத்திய அலை வாங்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி, பெட்டிக்குப் பெட்டி கொண்டுபோனால், இரைச்சல் எழும் இடத்தில் படபடவென்று பொரியும். பண்பலை இதற்கு உதவாது. திண்டுக்கல்லில் தெளிவாகக் கேட்கும் கொடைக்கானல் பண்பலை, வீச்சு மாறும் இரைச்சலை ஒதுக்கிவிடும் முறையில் ஒலிபரப்பாவதே காரணம்.

அலைநோக்கி இருந்தால், அதன் நீண்ட கிரவுண்ட் கம்பியே ஆண்டெனாவாகி இல்லாத இரைச்சலைக் காட்டும் என்பதை மறக்கக் கூடாது. முனையையும் கிரவுண்டையும் ஒரே புள்ளியில் வைத்துப் பார்த்தபோதும் அலை தெரிந்தால், அது அளக்கும் முறையில் உள்ள பிழை. பிளக்கில் ஓடும் அலைநோக்கியின் கிரவுண்ட் கிளிப் எர்த்துடன் இணைந்தது. அதை 230 வோல்ட் பக்கத்தில் மாட்டுவது கருவியையும் ஆளையும் சேர்த்தே கெடுக்கும்.

புரோகிராமின் இடம்

மென்பொருளுக்கும் பங்கு உண்டு. ஸ்விட்சை ஒரே முறை படித்து முடிவெடுக்காமல், 20 மில்லி நொடிக்குள் சில முறை படித்து எல்லாம் ஒத்தால் மட்டும் ஏற்கலாம். பயன்படாத முனைகளை மிதக்க விடாமல் வெளியீடாக அமைக்கலாம். வாட்ச்டாக் டைமர், வழி தவறிய நிரலை மீட்டுத் தொடக்கத்துக்குக் கொண்டுவரும். ஆனால் இவை எல்லாம் கடைசி அரண். கிரவுண்ட் பிழையை வாட்ச்டாக் மறைத்து வைக்கும், தீர்க்காது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து முறை வாட்ச்டாக் எழுப்பும் சுற்று நலமான சுற்றாகாது.

விற்பனைக்குச் செய்யும் கருவியானால் முறையான சோதனையும் தேவை. வானொலிக் குறுக்கீட்டைக் கட்டுப்படுத்த 1934இல் உருவான சிஸ்ப்ர் என்ற சர்வதேசக் குழுவின் வரம்புகளும் ஐஇசி 61000 வரிசையும் இதற்கு அளவுகோல். சென்னையிலுள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய சோதனைகளைச் செய்து தருகிறது. அங்கே போய்த் தோற்றுத் திருத்துவதைவிட, பலகையை வரையும்போதே கிரவுண்டையும் மின்தேக்கியையும் ஒழுங்குபடுத்துவது மிக மலிவு.

மொத்தத்தில் முடிவு இதுதான். மின்னும் எல்இடிச் சுற்றில் வரும் குறுக்கீட்டுக்கு மருந்து பெரும்பாலும் சில ரூபாய்ச் சாமான்களிலும், கம்பி ஓட்டும் ஒழுங்கிலும், உயிருள்ள எர்த்திலும் அடங்கியிருக்கிறது. பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் எல்இடியை மின்ன வைக்கும் புரோகிராமைக் கற்றுத்தருவதோடு நிறுத்தாமல், அதே சுற்றை ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டவும் வேண்டும். மாணவர் ஆலைக்கோ தோட்டத்துக்கோ வேலைக்குப் போகும் நாளில் கைகொடுப்பது அந்தப் பாடம்தான்.